நாகம் படமெடுத்தால் என்ன பொருள்?

காத்தோங் வட்டாரத்தின் மூத்த குடியிருப்பாளர்களுக்காக ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்



முதலில் என்னைப் பற்றி ஒரு வார்த்தை. நான் மருத்துவர் இல்லை, பாம்பு பிடிப்பவரும் இல்லை. உடல்நலத் தகவல்களை ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குக் கொண்டுவருவது என் வேலை. இரத்தக் கொதிப்பு, நீரிழிவு, தடுப்பூசி என்று பலவற்றை மொழிபெயர்த்திருக்கிறேன். பாம்பைப் பற்றி எழுதும்போது ஒன்று தெரிந்தது. மற்ற தலைப்புகளில் நம் பெரியவர்களுக்கு நாம் புதிதாகச் சொல்ல நிறைய இருக்கும். பாம்பைப் பொறுத்தவரை நீங்கள் ஏற்கெனவே நிறையக் கேட்டு வளர்ந்தவர்கள். அவற்றில் சில உயிரைக் காக்கும், சில ஆபத்தில் கொண்டுபோய் விடும். எது எது என்று பிரித்துப் பார்க்கத்தான் இன்று கூடியிருக்கிறோம்.

"காத்தோங்கில் ஏது பாம்பு?" என்று சிலர் நினைக்கலாம். சிலோன் ரோட்டில் செண்பக விநாயகர் கோயிலுக்குப் போகிறோம், ஜூ சியாட் பக்கம் கடைக்குப் போகிறோம், எங்கும் கட்டடம்தானே என்று தோன்றும். ஆனால் நம் வட்டாரத்தில் பழைய தோட்ட வீடுகள் உண்டு, கால்வாய்கள் உண்டு, ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவும் அருகில்தான். எலியும் தேரையும் இருக்கும் இடத்துக்குப் பாம்பு வரலாம். மேலும், உங்களில் பலர் ஆண்டுக்கொரு முறை தஞ்சாவூர்ப் பக்கமோ யாழ்ப்பாணமோ மலேசியாவில் உறவினர் வீட்டுக்கோ போய்வருகிறீர்கள். அங்கும் இது பயன்படும்.

நம் ஊரில் உள்ள நாகம்

சிங்கப்பூரில் நாம் அதிகம் பார்க்கக்கூடிய பெரிய பாம்பு மலைப்பாம்பு. கால்வாயில் கிடக்கும், சாக்கடையில் நுழையும். அதற்கு நஞ்சு இல்லை. ஆனாலும் பெரியது கடித்தால் காயம் பலமாக இருக்கும். கிட்டே போகக் கூடாது.

நஞ்சுள்ளவற்றில் நாம் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டியது இங்குள்ள கறுப்பு நாகம். மினுமினுப்பான கறுப்பு நிறம். ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் நீளம்வரை வளரும். ஊரில் நாம் பார்த்த நல்ல பாம்புக்குப் படத்தின் பின்புறம் மூக்குக்கண்ணாடி போன்ற குறி இருக்கும். இதற்கு அந்தக் குறி இருக்காது. "கண்ணாடிக் குறி இல்லையே, இது நாகமாக இருக்காது" என்று யாரும் அருகில் போய்விடாதீர்கள்.

இன்னொரு பெரிய வேறுபாடும் உண்டு. இங்குள்ள நாகம் கடிக்கவும் செய்யும், நஞ்சைத் தொலைவிலிருந்து பீய்ச்சவும் செய்யும். ஊர் நல்ல பாம்பைப் பற்றித் தெரிந்தவர்கள்கூட இதை எதிர்பார்ப்பதில்லை. "கைக்கு எட்டாத தூரத்தில்தானே நிற்கிறேன்" என்ற எண்ணம் இங்கே செல்லாது.

இவை தவிர ராஜநாகமும் சிங்கப்பூரில் உண்டு. அது காட்டை ஒட்டிய பகுதிகளில் வாழ்வது. பெரும்பாலும் மற்றப் பாம்புகளையே தின்னும். உலகிலேயே நீளமான நச்சுப் பாம்பு அதுதான்.

படம் எப்படி விரிகிறது?

நாகம் மூச்சை இழுத்துப் படத்தை ஊதுகிறது என்று பலர் நினைக்கிறோம். அப்படியில்லை. பாம்பின் உடல் முழுவதும் விலா எலும்புகள் வரிசையாக இருக்கின்றன. கழுத்துப் பகுதியில் உள்ள விலா எலும்புகள் நாகத்துக்கு மற்ற இடத்தைவிட நீளமானவை. சாதாரண நேரத்தில் அவை உடலோடு ஒட்டிப் பின்னோக்கிப் படுத்திருக்கும். ஆபத்து என்று உணர்ந்ததும் கழுத்துத் தசைகள் அவற்றை இழுத்து இரு பக்கமும் நிமிர்த்துகின்றன. குடையின் கம்பிகள் விரியும்போது துணி விறைப்பதுபோல, மேலே உள்ள தோலும் விரிந்து நிற்கிறது. 2010ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர்கள் இந்தத் தசைகளின் மின்னோட்டத்தை அளந்து, எந்தத் தசை எப்போது வேலை செய்கிறது என்று கண்டறிந்தார்கள்.

படமெடுக்கும்போது நாகம் உடலின் முன்பகுதியைத் தரையிலிருந்து தூக்கி நிற்கும். சீறும். முகத்தை நம் பக்கம் திருப்பும். இவ்வளவும் எதற்கு? தன்னைப் பெரிதாகக் காட்டுவதற்கு. "நான் இங்கே இருக்கிறேன், கிட்டே வராதே, விலகிப் போ" என்று சொல்வதற்கு.

இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நஞ்சு என்பது நாகத்துக்கு இரை பிடிக்கும் கருவி. அது சுரக்க உடலின் சத்து செலவாகும். தின்ன முடியாத பெரிய மனிதன்மேல் அதை வீணாக்க நாகத்துக்கு விருப்பமில்லை. வழி கிடைத்தால் ஓடிவிடும். வழி இல்லாதபோது படமெடுக்கும். அதற்கும் நாம் விலகவில்லை என்றால்தான் பீய்ச்சும், கடிக்கும். ஆகவே படமெடுத்த நாகம் நமக்கு ஒரு வாய்ப்புத் தருகிறது என்று எடுத்துக்கொள்ளலாம். அந்த வாய்ப்பைத் தவறவிடாமல் பின்வாங்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை: எல்லா நேரத்திலும் இந்த வரிசைப்படி நடக்கும் என்று நம்பக் கூடாது. மிதிபட்ட நாகம் படமெடுக்கக் காத்திருக்காது. நேரே கடித்துவிடும்.

மகுடிக்கு ஆடுகிறதா?

பாம்புக்கு வெளிக்காது கிடையாது. தரையில் ஏற்படும் அதிர்வைத் தாடை எலும்பு வழியாக நன்றாக உணரும். காற்றில் வரும் தாழ்ந்த ஒலிகளையும் ஓரளவு உணரும் என்று ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் பாம்பாட்டியின் முன் அது ஆடுவது இசையை ரசித்து இல்லை. முன்னால் அசையும் மகுடியையும் கையையும் கண்கொட்டாமல் பின்தொடர்கிறது. அது தற்காப்பு நிலை. நாம் கையை ஆட்டினால் அதன் கவனம் நம் கைமேல் வரும் என்பதே இதில் நமக்கு உள்ள பாடம். நாகத்தின் முன்னால் துண்டை வீசுவதும் குச்சியை ஆட்டுவதும் அதைத் தூண்டிவிடும்.

பாலும் அப்படித்தான். பாம்பின் உணவு எலி, தேரை, பல்லி போன்ற உயிரினங்கள். நாகத்தை வணங்குவது நம் நெடுநாள் வழக்கம். அந்தப் பக்தியைக் கோயிலில் உள்ள நாகர் சிலையிடம் காட்டலாம். வீட்டுத் தோட்டத்துக்கு வந்த உயிருள்ள நாகத்தின் முன் பால் கிண்ணத்தோடு குனிவது வேண்டாம்.

நஞ்சைப் பீய்ச்சும் விதம்

"துப்புகிறது" என்று சொல்கிறோம். உண்மையில் அது எச்சில் இல்லை. நாகத்தின் நச்சுப் பல் ஊசி மருந்துக் குழாய்போல உள்ளே துளையுடையது. பீய்ச்சும் நாகங்களுக்கு அந்தத் துளையின் வாய் சிறியதாக, முன்னோக்கி அமைந்திருக்கும். நச்சுப் பையைச் சுற்றியுள்ள தசை இறுகும்போது, தண்ணீர்த் துப்பாக்கியிலிருந்து வருவதுபோல நஞ்சு முன்னால் பாய்கிறது. இரண்டு மீட்டருக்கு மேலும் போகும். அந்த நொடிப்பொழுதில் நாகம் தலையைச் சற்று அசைப்பதால் நஞ்சு ஒரே புள்ளியில் விழாமல் முகம் முழுவதும் சிதறும். ஒரு துளியாவது கண்ணில் படவேண்டும் என்பதற்காகத்தான் அது.

இந்தத் திறமை நாகங்களிடமும் அவற்றின் நெருங்கிய உறவுப் பாம்பு ஒன்றிடமும் தனித்தனியாக மூன்று முறை தோன்றியிருக்கிறது என்று 2021ஆம் ஆண்டு 'சயன்ஸ்' இதழில் வெளிவந்த ஆய்வு சொல்கிறது. ஆப்பிரிக்க நாகங்களில் ஒரு முறை, நம் ஆசிய நாகங்களில் ஒரு முறை, தென்னாப்பிரிக்காவின் ரிங்கால்ஸ் என்ற பாம்பில் ஒரு முறை. மூன்றிலும் நஞ்சின் கலவை ஒரே மாதிரி மாறியிருக்கிறது: கண்ணில் பட்டால் வலி மிகக் கடுமையாக இருக்கும்படி. கொல்வதற்காக அமைந்ததில்லை. தாக்க வருபவர் வலியால் துடித்து நிற்கும்போது தான் தப்பி ஓடுவதற்காக அமைந்தது.

ஆனால் நமக்கு அந்த வலி மட்டுமே சிக்கல் இல்லை. கழுவாமல் விட்டால் கருவிழியில் புண் ஏற்படும், கிருமி தொற்றும், பார்வையே போகலாம். ஏற்கெனவே கண்புரை, கண் அழுத்தம் உள்ளவர்கள் மீதியிருக்கும் பார்வையைக் காத்துக்கொள்ள வேண்டும் இல்லையா? ஆகவே அடுத்துச் சொல்வதைத் தயவுசெய்து நினைவில் வையுங்கள்.

கண்ணில் நஞ்சு பட்டால்

1. முதலில் பாம்பிடமிருந்து விலகுங்கள். பார்வை மங்கியிருந்தால் அருகில் இருப்பவரைக் கூப்பிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டு நகருங்கள். விழுந்து இடுப்பை உடைத்துக்கொள்ளக் கூடாது.

2. கண்ணைக் கசக்காதீர்கள். கசக்கத்தான் கை போகும். அடக்கிக்கொள்ளுங்கள்.

3. உடனே சுத்தமான தண்ணீரால் கண்ணைக் கழுவுங்கள். குழாய்த் தண்ணீர் போதும். வெளியில் இருந்தால் குடிதண்ணீர்ப் போத்தல். தலையைப் பக்கவாட்டில் சாய்த்து, மெதுவாக, தொடர்ந்து ஊற்ற வேண்டும். இமை தானாக மூடிக்கொள்ளும். உடன் இருப்பவர் மெல்லத் திறந்து பிடிக்கட்டும். குறைந்தது 15 முதல் 20 நிமிடம் கழுவ வேண்டும். இரண்டு கை தண்ணீர் அடித்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள். கடிகாரத்தைப் பாருங்கள்.

4. கான்டாக்ட் லென்ஸ் அணிந்திருந்தால் கழுவும்போதே எடுத்துவிடுங்கள்.

5. மஞ்சள், எலுமிச்சை, மூலிகைச் சாறு எதுவும் வேண்டாம். கண்புரை அறுவைக்குப் பின் வீட்டில் மிச்சம் இருக்கும் சொட்டு மருந்தும் வேண்டாம். அது புண்ணை மோசமாக்கலாம்.

6. 995ஐ அழையுங்கள். வலி குறைந்துவிட்டாலும் மருத்துவமனையில் கண்ணைக் காட்டியே ஆக வேண்டும்.

நஞ்சு முழுத்தோலில் பட்டால் பெரிதாக ஒன்றும் செய்யாது. நன்றாகக் கழுவிவிடலாம். தோலில் வெட்டோ புண்ணோ இருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

நாகம் கடித்தால்

நாகத்தின் நஞ்சு இரண்டு விதமாக வேலை செய்யும். கடித்த இடத்தில் வலி, வீக்கம், கொப்புளம் வரும். தசை அழுகவும் செய்யலாம். மற்றொன்று நரம்பைத் தாக்குவது: கண் இமை சரியும், பேச்சு குழறும், விழுங்க முடியாது, மூச்சு தடுமாறும். இமை சரிவதையும் பேச்சுக் குழறுவதையும் பார்த்தால் வாதம் வந்ததுபோலத் தெரியும். பெரியவர்களுக்கு அப்படி வந்தால் வீட்டார் முதலில் வாதம் என்றே நினைப்பார்கள். அதனால், கடித்தது என்று சந்தேகம் இருந்தாலே அதை வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். "சின்னக் கீறல்தானே, பிள்ளைகளை ஏன் பயமுறுத்துவது" என்று மறைக்காதீர்கள்.

செய்ய வேண்டியவை: விலகி உட்காருங்கள், அல்லது படுங்கள். கடிபட்ட கையையோ காலையோ அசைக்காதீர்கள். மோதிரம், வளையல், மெட்டி, கைக்கடிகாரம் எல்லாவற்றையும் உடனே கழற்றுங்கள். வீங்கியபின் கழற்ற முடியாது, இரத்த ஓட்டமும் நின்றுவிடும். 995ஐ அழையுங்கள். கடித்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

செய்யக் கூடாதவை: கயிறோ சேலைத் துணியோ இறுக்கிக் கட்டக் கூடாது. நம் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்தது இது, படங்களிலும் பார்த்திருக்கிறோம். இறுக்கிக் கட்டினால் கீழே இரத்தம் போகாமல் கை கால் அழுகிப்போகலாம். கத்தியால் கீறக் கூடாது. வாயால் உறிஞ்சக் கூடாது. ஐஸ் வைக்கக் கூடாது. பச்சிலை, மந்திரம் என்று நேரத்தைப் போக்கக் கூடாது. மந்திரித்துப் பிழைத்தவர்கள் உண்டே என்று கேட்பீர்கள். எல்லாப் பாம்புக்கும் நஞ்சு இல்லை. நஞ்சுள்ள பாம்பும் சில வேளைகளில் நஞ்சைச் செலுத்தாமலே கடிக்கும். அப்படிக் கடிபட்டவர்கள் மந்திரம் இல்லாமலும் பிழைத்திருப்பார்கள்.

பாம்பைப் பிடித்துக்கொண்டு மருத்துவமனைக்கு வரவேண்டாம். அடித்துக் கொல்லவும் வேண்டாம். வெட்டுப்பட்ட தலைகூடக் கடிக்கும். தொலைவிலிருந்து கைப்பேசியில் ஒரு படம் எடுக்க முடிந்தால் போதும். முடியாவிட்டால் நிறமும் நீளமும் சொன்னால் போதும்.

நச்சு முறிவு மருந்து

நஞ்சை முறிக்கும் மருந்தை 1890களில் முதன்முதலில் உருவாக்கியவர்களில் முக்கியமானவர் ஆல்பர்ட் கால்மெட் என்ற பிரெஞ்சு மருத்துவர். சிறிதளவு நஞ்சைக் குதிரையின் உடலில் செலுத்தி, அதன் இரத்தத்தில் உருவாகும் எதிர்ப்புச் சத்தைப் பிரித்தெடுப்பது அடிப்படை முறை. இன்றும் பெரும்பாலும் அதே வழிதான்.

இதில் நம் தமிழ்நாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. சென்னைக்கு அருகில் வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978 முதல் இயங்குகிறது. இருளர் மக்கள் பாம்பைப் பிடித்து, நஞ்சை எடுத்தபின் திரும்பக் காட்டில் விடுகிறார்கள். இந்தியாவின் முறிவு மருந்துகளில் பெரும்பாலானவை அந்த நஞ்சிலிருந்து தயாராகின்றன. அவர்களில் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

பாம்புக்கடியை உலகச் சுகாதார நிறுவனம் 2017இல் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. உலகில் ஆண்டுக்கு 81,000 முதல் 138,000 பேர்வரை பாம்புக்கடியால் இறக்கிறார்கள் என்பது அதன் கணக்கு. இந்தியாவில் மட்டும் 2000 முதல் 2019 வரை ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் இறந்ததாக ஓர் ஆய்வு மதிப்பிட்டது. பெரும்பாலோர் கிராமத்தவர்கள். மருத்துவமனைக்குப் போகச் சுணங்கியது பல சாவுகளுக்குக் காரணம். சிங்கப்பூரில் அவசர வாகனமும் மருத்துவமனையும் அருகிலேயே இருக்கின்றன. அந்த வசதியை நாமே தாமதித்து வீணாக்கக் கூடாது.

சரியான சொல்லைச் சொல்லுங்கள்

இது என் தொழில் சார்ந்த விஷயம், கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன். நாகத்தைப் பெயர் சொல்லிக் கூப்பிடப் பயந்து, மரியாதையாக "நல்ல பாம்பு" என்றார்கள் நம் முன்னோர்கள். அழகான வழக்கம்தான். ஆனால் அவசர நேரத்தில் நடப்பதை நினைத்துப் பாருங்கள். "நல்ல பாம்பு கடிச்சிடுச்சு" என்று பாட்டி சொல்கிறார். தமிழ் குறைவாகத் தெரிந்த பேரன் தொலைபேசியில் "குட் ஸ்நேக்" என்கிறான். கேட்பவர் நஞ்சில்லாத பாம்பு என்று எண்ணினால் அவர்மேல் குற்றம் சொல்ல முடியுமா?

ஆகவே மூன்று ஆங்கிலத் தொடர்களை மனத்தில் வையுங்கள். நாகத்துக்கு "கோப்ரா". கடித்தால் "ஸ்நேக் பைட்". கண்ணில் நஞ்சு பட்டால் "வெனம் இன் ஐ". கடியும் கண்ணில் படுவதும் வேறு வேறு, சிகிச்சையும் வேறு வேறு. அதோடு உங்கள் புளோக் எண்ணையும் மாடியையும் சொல்லிவிட்டால் உதவி வந்து சேரும். பேரப்பிள்ளைகளுக்கு "நல்ல பாம்பு என்றால் கோப்ரா" என்று இன்றே சொல்லிக்கொடுங்கள். தமிழ்ப் பாடமும் ஆயிற்று.

மருத்துவமனையில் இன்னொன்றும் சொல்ல வேண்டும்: நீங்கள் தினமும் சாப்பிடும் மருந்துகள், முக்கியமாக இரத்தத்தை இளக்கும் மாத்திரை, உங்களுக்குள்ள ஒவ்வாமை. மருந்துப் பட்டியலைப் பணப்பையில் வைத்திருந்தால் அதைக் காட்டினாலே போதும்.

பாம்பைக் கண்டால்

நில்லுங்கள். திடீரென்று அசையாமல், முகத்தைச் சற்றுத் திருப்பிக்கொண்டு, மெதுவாகப் பின்னால் நகருங்கள். கைத்தடியைத் தரையில் ஊன்றத்தான் வேண்டும், ஓங்கக் கூடாது. ஒரு கார் நீளத்துக்கும் அதிகமாக இடைவெளி விடுங்கள். பாம்பு போக வழி விடுங்கள். பேரப்பிள்ளைகளையும் நாயையும் தூரத்தில் வையுங்கள்.

வீட்டுக்குள் வந்துவிட்டால் அந்த அறையின் கதவை மூடி, அடியில் துணியைச் செருகி, தேசியப் பூங்காக் கழகத்தின் 24 மணிநேர விலங்கு உதவி நிலையத்தை 1800-476-1600 என்ற எண்ணில் அழையுங்கள். நீங்களே பிடிக்க முயலாதீர்கள். வனவிலங்குகளை அனுமதியின்றிப் பிடிப்பதும் கொல்வதும் சிங்கப்பூரில் சட்டப்படி குற்றம்.

பாம்பு வராமல் இருக்கச் சில எளிய வழிகள்: உணவு மிச்சத்தைத் திறந்து வைக்காதீர்கள், எலி வரும், எலியைத் தேடிப் பாம்பு வரும். தோட்டத்தில் பூந்தொட்டி, பலகை, காய்ந்த இலைகளைக் குவித்து வைக்காதீர்கள். சமூகத் தோட்டத்தில் வேலை செய்யும்போது மூடிய காலணியும் கையுறையும் அணியுங்கள். கைவிடும் இடத்தை முதலில் கண்ணால் பாருங்கள். தரைவீட்டில் இருப்பவர்கள் வாசலில் கிடக்கும் காலணியைத் தட்டிப் பார்த்து மாட்டுங்கள். இருட்டியபின் நடக்கப் போனால் கைவிளக்கு எடுத்துச் செல்லுங்கள்.

பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பார்கள். நடுங்குவதில் தவறில்லை. நடுங்கிக்கொண்டே பின்னால் நகர்ந்தால் சரி. வீட்டுக்குப் போனதும் 995, 1800-476-1600 என்ற இரண்டு எண்களையும் பெரிய எழுத்தில் எழுதி, தொலைபேசிக்குப் பக்கத்தில் ஒட்டிவையுங்கள். வீட்டில் பணிப்பெண் இருந்தால் அவரிடமும் காட்டுங்கள். இன்று கேட்டதில், வர இயலாத பக்கத்து வீட்டு அம்மாவிடம் ஒன்றே ஒன்றைச் சொல்வதானால் இதைச் சொல்லுங்கள்: கண்ணில் பட்டால் கசக்காதே, தண்ணீர் ஊற்று, கடித்தால் கட்டாதே, 995ஐக் கூப்பிடு.